பரீட்சைக்குப் பின் தரங்கம்பாடி

ப்ளஸ் டூ கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்த என் பெண், நாலு நாளாக ஊஞ்சலை விட்டு எழுந்திருக்கவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு விழிப்பு மட்டும் தானாக வந்துவிடுகிறது. "எழுந்து என்னம்மா பண்றது?" என்கிறாள். அவளுக்குக் காபி போடவென்றே எழுந்து பழகிய எனக்கும் அதே கதிதான்!

புளியோதரை கட்டிக்கொண்டு, மாயவரத்தில் பஸ் ஏறித் தரங்கம்பாடிக்கு அழைத்துப் போனேன். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. பக்கத்திலேயே மாசிலாமணி நாதர் கோயில். முன்பகுதியை அலை கொண்டுபோய்விட்டது. (வெயில் ஏறுமுன் பார்த்துவிடுங்கள், கால் சுடும்.)

1706-இல் இங்கே கப்பலில் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்குக்கு வயது 23. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலில் எழுதித் தமிழ் கற்றாராம். 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டே விட்டார்!

"அவருக்குப் பரீட்சை யாரும்மா வெச்சா?" என்று சிரித்தாள். நாலு நாளில் முதல் சிரிப்பு. உடனே முகம் வாடி, "மார்க் வரலைன்னா?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை, பொட்டலத்தைப் பிரித்தேன். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுநாளும் நாலு மணிக்கு இருவருக்கும் விழிப்பு வந்துவிட்டது. காபி போட்டேன். விடிகிறவரை ஊஞ்சலில் பேசிக்கொண்டிருந்தோம்.