மடிக்கு ஏற்ற கணினி

ஒரே விலைக்குப் பெரியதும் சிறியதும் கிடைக்குமாயின் பெரியதையே எடுத்தல் வேண்டும் என்னும் எண்ணம் நம்மவரிடையே நெடுநாளாக வேரூன்றியுள்ளது. மாம்பழமாயினும் அண்டாவாயினும் அதுவே நியாயம். மடிக்கணினிக்கும் அந்நியாயத்தையே கொண்டு நாம் செய்த பிழையொன்றை இங்கே கூறுகின்றோம். கணினி வாங்க எண்ணியிருக்கும் மாணவர்க்கும் பெற்றோர்க்கும் அது பயன்படக்கூடும்.

எமது தமக்கையாரின் மகள் கொழும்பிலே கணினிக் கல்வி பயில்பவள். விடுமுறை கிடைக்குந்தோறும் இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணம் வந்து மீள்வாள். அவளுக்கொரு மடிக்கணினி வாங்குவதற்காகத் தமக்கையார் தமது காப்புகளுள் ஒன்றை விற்றார். கடையிலே ஏறத்தாழ ஒரே விலையில் இரண்டு இருந்தன. ஒன்றுக்கு 15.6 அங்குலத் திரையும் 8 கிகாபைற்று நினைவகமும். மற்றையதற்கு 14 அங்குலத் திரையும் 16 கிகாபைற்று நினைவகமும் இருந்தன.

"மாமா, எதை எடுப்பது?" என்று கேட்டாள்.

"பெரியதை எடு பிள்ளை. கண்ணுக்கும் நல்லது, வேலைக்கும் நல்லது" என்று கணமும் சிந்தியாது விடையளித்தோம். அவளுடைய வேலை யாதென்று நாம் கேட்கவில்லை.

அவள் கற்பது கணினி வலையமைப்பு. அதற்கு மெய்நிகர் இயந்திரங்கள் வேண்டும். மெய்நிகர் இயந்திரம் என்பது ஒரு கணினியினுள்ளே மென்பொருளால் அமைக்கப்படும் இன்னொரு கணினியாகும். ஒரு நாற்சார் வீட்டிலே பல குடும்பங்கள் தனித்தனி அடுப்பு மூட்டி வாழ்வது போல, ஒரே பொறியினுள் விண்டோசும் லினக்சும் வெவ்வேறாக இயங்கும். 1960களிலேயே ஐ.பி.எம். நிறுவனத்தார் தமது பெருங்கணினிகளில் இம்முறையை உருவாக்கினர். அன்று அறையை நிறைத்த வித்தை இன்று மாணவரின் மடிக்கு வந்துவிட்டது.

ஆயினும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அறை வேண்டுமன்றோ? அந்த அறையே நினைவகம். விண்டோஸ் 11 இயங்குவதற்குக் குறைந்தது 4 கிகாபைற்று வேண்டும். வீட்டுக்காரராகிய மூல முறைமைக்கு 4, உள்ளே குடிவந்த விண்டோசுக்கு 4 என்றால் 8 தீர்ந்துவிடும். அவளுக்கோ அதனுடன் லினக்ஸ் இரண்டும் ஒருங்கே இயங்க வேண்டியிருந்தது. நினைவகம் போதாதவிடத்துக் கணினி தன் சேமிப்பகத்தைத் துணைக்கு அழைக்கும். அது நினைவகத்தைவிடப் பன்மடங்கு மந்தமானது. ஆதலின் யாவும் நத்தைபோல் ஊரும்.

இவற்றையெல்லாம் நாம் அறிந்தது, அவளுடன் ஒருமுறை கொழும்புக்குப் பயணஞ் செய்த இரவிலேதான். மறுநாட் காலை அவள் ஒப்படையொன்றைக் கையளிக்க வேண்டியிருந்தது. பஸ் புறப்பட்டதும் கணினியைத் திறந்தாள். முன்னிருந்தவர் தமது ஆசனத்தைப் பின்னே சாய்த்தார். திரை பாதிக்கு மேல் விரியவில்லை. காற்றுத் துளைகள் அடியில் இருந்தமையால், மடியில் வைத்தபோது அவை அடைபட்டு விசிறி இரைந்தது. மின்கலத்தின் கொள்ளளவு 50 வாற்று மணி. சிறு வேலைக்கு ஆறு மணி நேரம் நின்ற அது, மெய்நிகர் இயந்திரங்கள் 25 வாற்று இழுக்கவே, இரண்டு மணி நேரத்தில், வவுனியாவை அடையுமுன்னரே, அணைந்தது. பிள்ளை கணினியை மூடிவிட்டு யன்னலுக்கு வெளியே இருளைப் பார்த்தபடி இருந்தாள். எம்மை ஒரு சொல்லும் கடிந்திலள். அம்மௌனமே எம்மைச் சுட்டது. ஒப்படை ஒரு நாள் தாமதமாயிற்று, புள்ளியும் குறைந்தது.

பின்னர் திருத்துநர் ஒருவர் கணினியின் அடிமூடியைக் கழற்றி, நினைவகத்துக்கான இடமொன்று வெறுமையாயிருப்பதைக் காட்டினார். எமது செலவில் 16 கிகாபைற்று சேர்த்தோம். மூன்று இயந்திரங்களும் தடையின்றி ஓடின. இது எமது நற்காலம். மெல்லிய கணினிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். வாங்கியபின் கூட்ட முடியாது. ஆனால் கணினியின் உருவமோ சுருங்கவில்லை. இப்பொழுது அவள் பயணத்துக்கு முன் இயந்திரங்களை அந்நிலையிலேயே இடைநிறுத்திச் சேமித்து வைத்து, அறைக்குப் போய்த் தொடர்கின்றாள்.

பெரிய கணினி பயனற்றதென்று கூறோம். மின்னிணைப்பு உள்ள மேசையில் நாள் முழுதும் வேலை செய்வோர்க்கு அதுவே ஏற்றது. பேருடல் வெப்பத்தை எளிதில் வெளியேற்றும். அடிக்கடி பயணஞ் செய்வோர்க்கோ 14 அங்குலமும், இயலுமாயின் 32 கிகாபைற்று நினைவகமும் நன்று. சிறு திரை போதாதாயின் அறையிலே வேறொரு திரையை இணைத்துக்கொள்ளலாம். திரையை இரவல் வாங்கலாம்; நினைவகத்தையும் மடியையும் இரவல் வாங்க இயலாது. இன்னுமொன்று: ஆப்பிளின் எம் வரிசை போன்ற ஆர்ம் வகைக் கணினிகளில், இன்டெல் வகைக்கென ஆக்கப்பட்ட மெய்நிகர் இயந்திரங்கள் நேரே இயங்கமாட்டா. எனவே பாடத்துக்கு எவ்வகை வேண்டுமென ஆசிரியரிடம் முன்னரே கேட்டறிதல் நலம்.

இவ்வாண்டு அவளுடைய தம்பியும் அதே கல்விக்குப் போகின்றான். தமக்கையாரிடம் எஞ்சியிருப்பது ஒரேயொரு காப்பு. "மாமா, எதை எடுப்பது?" என்று அவனும் வந்து கேட்டான். இம்முறை நாம் உடனே விடை கூறவில்லை.

"இரு தம்பி. எத்தனை இயந்திரங்களை ஓட்டப் போகிறாய்? எங்கேயிருந்து ஓட்டப் போகிறாய்? முதலில் அதைச் சொல்" என்றோம்.