"என்ன செய்ய?" என்ற கேள்விக்கு விடை உண்டு



வீதி விபத்தில் ஒருவர் மௌத்தாகிவிட்டால், ஜனாஸா வீட்டில் ஒரு வார்த்தை தவறாமல் காதில் விழும்: "அல்லாஹ்வின் நாட்டம், என்ன செய்ய?" கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, மடவளை என்று கண்டியைச் சுற்றியுள்ள எத்தனையோ வீடுகளில் நானும் அதைக் கேட்டிருக்கிறேன். அந்த நம்பிக்கையில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் 'என்ன செய்ய' என்று கேட்டால், செய்வதற்கு நிறையவே இருக்கிறது.

2025 மே 11 அதிகாலையில், கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கி வந்த பஸ் கொத்மலை கெரண்டியெல்லவில் பள்ளத்தில் விழுந்து, 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். நாடே கலங்கியது. ஆனால் நம் நாட்டு வீதிகளில் ஆண்டுதோறும் 2,000-க்கும் அதிகமானோர் மடிகிறார்கள். ஒருவர் இருவராகப் போவதால் அது நம்மை உலுக்குவதில்லை. உலகில் 5 முதல் 29 வயது வரையுள்ளோரின் மரணத்துக்கு முதற்காரணம் வீதி விபத்தே என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2023 அறிக்கை. அதாவது, நம் பிள்ளைகளின் வயது!

அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹடன் விபத்தை மூன்றாகப் பிரித்து ஆராய்ந்தார்: மோதலுக்கு முன், மோதும் கணம், மோதிய பின். மோதலைத் தடுக்க முடியாமற் போனாலும் காயத்தைக் குறைக்கலாம் என்பதே அவர் காட்டிய வழி.

முதலாவது, முன்பு. கடுகண்ணாவை இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமற் போகும். குறைந்த கியரில் இறங்க வேண்டும். நோன்பு திறக்கும் நேரம் நெருங்குகிறதென்று பறப்பவர்களே, வேகம் இரு மடங்கானால் மோதலின் வலு நான்கு மடங்காகும். மோட்டார் சைக்கிளின் பின்னால் அமரும் சகோதரிகளே, அபாயாவின் ஓரமும் ஷோலின் நுனியும் சக்கரத்தில் சிக்காதபடி செருகிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மோதும் கணம். என் தங்கையின் மகன் விழுந்தபோது தலைக்கவசம் அணிந்துதான் இருந்தான். நாடிப் பட்டியை மட்டும் பூட்டவில்லை. தலை தரையில் படுமுன் கவசம் கழன்று உருண்டுவிட்டது. 24 வயது வாலிபனுக்கு இன்று உம்மாதான் சோறூட்டுகிறாள். பொலிஸாரைக் கண்டதும் தலையில் கவிழ்க்கும் கவசம் அபராதத்திலிருந்துதான் காக்கும். பெற்றோல் தாங்கியின்மேல் வெறுந்தலையோடு உட்கார்த்திவைக்கும் பாலகனுக்கு அதுவும் இல்லை.

மூன்றாவது, பின்பு. பதற்றத்தில் காயப்பட்டவரை இழுத்து முச்சக்கரவண்டியில் மடக்கிப் போடாதீர்கள். முறிந்த கழுத்தெலும்பு அசைந்தால் ஆயுளுக்கும் முடமாகலாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அதுவரை, இரத்தம் பாயும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் வைக்க நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தரவில்லை. நம் காலத்து ஒட்டகம் முற்றத்தில் நிற்கும் மோட்டார் சைக்கிள்தான்.

இன்றிரவே உங்கள் வீட்டுத் தலைக்கவசத்தை எடுத்துப் பாருங்கள். பட்டி பூட்டுகிறதா? பிள்ளைக்கு அளவான ஒன்று இருக்கிறதா? நாளைக் காலை துஆ ஓதி அனுப்புங்கள். பட்டியையும் உங்கள் கையாலேயே பூட்டி அனுப்புங்கள்.