மூடி திறக்காத போன்

புதுப் போன் வாங்கப் போகிறவரிடம் நாலு பேர் நாலு யோசனை சொல்வார்கள். கேமரா எத்தனை மெகாபிக்சல், திரை எவ்வளவு பெரிது, 5ஜி உண்டா, ஏஐ உண்டா என்று விசாரணை நீளும். பழுதானால் இதைத் திறக்க முடியுமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. இன்றைய தொழில்நுட்பத்தின் மேல் எனக்குள்ள பெரிய குறையே இதுதான். காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திறந்து பார்க்கும் வழி நம் கையை விட்டுப் போய்விட்டது. அது போனதை நாம் கவனிக்கவும் இல்லை.

2003-இல் வந்த நோக்கியா 1100 பலருக்கு நினைவிருக்கும். உலகம் முழுக்க 25 கோடி விற்ற போன். கட்டைவிரலால் அழுத்தித் தள்ளினால் பின்மூடி கழன்றுவிடும். பிஎல்-5சி பேட்டரியை நகத்தால் நெம்பி எடுத்துவிடலாம். 2007 ஆகஸ்டில், அந்த வகைப் பேட்டரிகளில் மட்சுஷிட்டா நிறுவனம் தயாரித்த 4.6 கோடி பேட்டரிகள் சார்ஜ் ஏறும்போது அளவுக்கு மீறிச் சூடாகக்கூடும் என்று நோக்கியா அறிவித்தது. மூடியைத் திறந்து, பேட்டரியில் அச்சிட்ட எண்ணைச் சரிபார்த்து, அந்தத் தொகுதியைச் சேர்ந்ததானால் வேறு பேட்டரி வாங்கிக்கொள்ளலாம். பேட்டரி மட்டும் மாறியது. போன் அவரவர் சட்டைப்பையிலேயே இருந்தது.

ஒன்பது ஆண்டுகள் கழித்து சாம்சங்கின் கேலக்ஸி நோட் 7 போன்கள் தீப்பிடித்தன. அங்கும் கோளாறு பேட்டரியில்தான். ஆனால் அது ஒட்டி மூடிய போன். முதல் அறிவிப்பிலேயே சுமார் 25 லட்சம் போன்களை முழுதாகத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. மாற்றிக் கொடுத்தவையும் எரிந்ததால் தயாரிப்பே நின்றது. ஒரு பாகத்தின் தவறுக்கு நல்ல திரையும் நல்ல கேமராவும் நல்ல போர்டும் சேர்ந்தே திரும்பின. பொருளின் கட்டுமானம் மாறினால் அதன் பிழைக்கு நாம் கொடுக்கும் விலையும் எவ்வளவு மாறுகிறது என்பதற்கு இந்த இரண்டையும் விட நல்ல சான்று வேண்டாம்.

மூடி ஒட்டுவதற்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கழற்றும் பேட்டரிக்குக் கெட்டியான தனி உறை வேண்டும், மூடிக்கும் கொக்கிக்கும் இடம் வேண்டும். அந்த இடம் மிச்சமானால் போன் மெலியும், பேட்டரி பெரிதாகும். இவை உண்மையான நன்மைகள். தண்ணீர் புகாமல் இருக்கத்தான் ஒட்டுகிறோம் என்று சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 2014-இல் வந்த கேலக்ஸி எஸ்5 ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் தரச்சான்று பெற்ற போன். அதன் பின்மூடியை விரலாலேயே கழற்றலாம். மூடியின் உட்புறம் ஓடிய ரப்பர் விளிம்பு தண்ணீரைத் தடுத்தது. அடுத்த ஆண்டு வந்த எஸ்6-இல் பேட்டரியைக் கழற்ற முடியாது. தண்ணீர் தாங்கும் சான்றும் அதற்கு இல்லை.

லித்தியம் அயனி பேட்டரி தேய்வது இயல்பு. சார்ஜ் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் கிராஃபைட்டின் மேல் படலம் ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகத் தடிக்கிறது. வேலை செய்ய வேண்டிய லித்தியத்தில் ஒரு பங்கு அதற்குள் சிக்கிக்கொள்கிறது. சூடு இதை விரைவாக்கும். சித்திரை வெயிலில் பைக் ஹேண்டிலில் போனை மாட்டி, மேப் பார்த்தபடி நாள் முழுக்க உணவுப் பொட்டலம் கொண்டுசேர்க்கும் இளைஞர்களின் போன் பேட்டரி சீக்கிரமே தளர்ந்துபோவது இதனால்தான். பிழைப்பே போனில் இருக்கிறவருக்கு அது ஒரு நாள் கூலியின் கேள்வி. தேயும் என்று தெரிந்த பாகத்தை ஒட்டி விற்பது, டயரை ரிம்மோடு சேர்த்து ஒட்டிய சைக்கிளை விற்பதற்குச் சமம்.

எங்கள் ஊரில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் சொல்வார்: “பேட்டரி மாத்துறது அஞ்சு நிமிஷம் சார். பிரிக்கிறதுதான் வேலை.” சூடான தட்டில் போனைக் கவிழ்த்துக் கோந்தை இளக்குவார். மெல்லிய தகட்டை விளிம்பில் நுழைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நகர்த்துவார். பின்பக்கக் கண்ணாடி விரிசல் விட்டால் நஷ்டம் அவருக்கு. உள்ளே ஒட்டியிருக்கும் பேட்டரியை நெம்பும்போது அது மடிந்தால் தீப்பிடிக்கும் அபாயமும் அவருக்கே. பெரிய சர்வீஸ் சென்டரில் “போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்க” என்று திருப்பி அனுப்பிய போன்கள் அவரிடம் வரும். மல்டிமீட்டரை வைத்து எந்த இடத்தில் ஷார்ட் என்று தேடி, கடுகளவு கெப்பாசிட்டர் ஒன்றை மாற்றி உயிர் கொடுத்துவிடுவார். இந்தத் திறமையை நான் மிகவும் மதிக்கிறேன். சென்னை ரிச்சி தெருவிலும் நம் சிற்றூர்களின் கடைத்தெருக்களிலும் பட்டம் பெறாத எத்தனையோ பேர், திறந்து பார்த்தே இதைக் கற்றுக்கொண்டார்கள்.

சூடு பட்டால் கோந்து இளகும். மென்பொருள் போட்ட பூட்டு இளகாது. சில நிறுவனங்கள் திரை, பேட்டரி, கேமரா ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை எண் கொடுத்துப் போர்டோடு கோத்துவிடுகின்றன. அதே மாடல் போனிலிருந்து கழற்றிய அசல் பாகத்தையே போட்டாலும் எச்சரிக்கை வரும், அல்லது ஏதாவது ஒரு வசதி நின்றுபோகும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2024-இல் சட்டம் போட்டுத்தான் இந்த வழக்கத்தைத் தடுத்தது. பேட்டரி தளர்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியே குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. போன் திடீரென அணைந்துபோகாமல் இருக்கவே அப்படிச் செய்தோம் என்றது. பேட்டரியை மாற்றினால் வேகம் திரும்பிவிடும். வேகம் குறையக்கூடும் என்று வாங்கியவர்களிடம் சொல்லாததற்காக பிரான்ஸ் 2020-இல் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. 1970-களின் கடைசியில் இதே நிறுவனத்தின் ஆப்பிள் II கணினிக்கான கையேட்டில் முழு சர்க்யூட் படமும் அச்சாகியிருந்தது. வாங்கியவர் புரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் அன்று இருந்தது.

ஒரு பொருளைத் திறக்க முடியாதபோது நம் பணத்தோடு அறிவும் சேர்ந்து வீணாகிறது. கெட்டதைப் பிரித்துப் பார்க்கும் பிள்ளைகள்தான் பிற்காலத்தில் செய்யத் தெரிந்தவர்களாக வளர்கிறார்கள். அவர்களிடம் பிரிக்கவே முடியாத பொருளைக் கொடுத்துவிட்டு, இது தொழில்நுட்பத் தலைமுறை என்று பெருமைப்படுவதில் எனக்கு உடன்பாடில்லை. குப்பைக் கணக்கும் சிறியதல்ல. 2022-இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது அதில் 22.3 சதவீதம்தான்.

வழி இல்லாமல் இல்லை. போன் வகைகளுக்குப் பழுதுபார்ப்பு மதிப்பெண் போட்டு, விலையோடு சேர்த்துக் காட்ட வேண்டும் என்று பிரான்ஸ் 2021-இல் விதி கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் விற்பனைக்கு வரும் போன் மாடல்களுக்கு, விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டுகள் முக்கிய உதிரி பாகங்கள் கிடைக்க வேண்டும். 2027 பிப்ரவரியிலிருந்து, சில விலக்குகள் நீங்கலாக, கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்றும் விதி வருகிறது. இந்தியாவில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று பழுதுபார்க்கும் உரிமைக்கென இணையதளம் தொடங்கியது. தகவல் கொடுப்பது நல்ல தொடக்கம்தான். ஆனால் பாகத்தையும் சர்க்யூட் படத்தையும் தெருமுனைக் கடைவரை கொண்டுசேர்க்கக் கட்டாயப்படுத்தும் சட்டம்தான் நமக்குத் தேவை.

சட்டம் வரும்வரை நாம் செய்யக்கூடியதும் கொஞ்சம் உண்டு. அடுத்த முறை போன் வாங்கும்போது கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். பேட்டரி மாற்ற என்ன செலவாகும்? நம் ஊரிலேயே மாற்ற முடியுமா? எத்தனை ஆண்டுகளுக்கு அப்டேட் வரும்? பதில் தெரியவில்லை என்றால் அடுத்த கடையில் கேளுங்கள். சார்ஜ் நிற்கவில்லை என்பதற்காகப் போனையே மாற்றாமல் பேட்டரியை மாற்றுங்கள். அந்தக் காசு உங்கள் ஊர் ரிப்பேர் கடைக்குப் போகட்டும். வாங்குகிறவர்கள் கேட்கத் தொடங்கினால் விற்கிறவர்கள் மூடியைத் திறந்தே ஆக வேண்டும்.