நழுவும் மெத்தை

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று சங்கத்தார் கேட்டபோது, தமிழாசிரியன் ஒருவனிடமிருந்து அவர்கள் எதிர்பார்த்தது ஓர் இலக்கிய ஆராய்ச்சியாக இருத்தல் கூடும். நான் எழுதப் புகுந்ததோ ஒரு மெத்தையைப் பற்றி. அதிலும், கட்டிலின்மேல் இட்ட இடத்தில் இராது, நாள்தோறும் சிறிது சிறிதாக முன்னே நழுவி வரும் ஒருவகை மெத்தையைப் பற்றி. நகைப்பார் நகைக்க. நம் கல்லூரியிற் கற்றோர் பலர் இன்று கனடாவிலும் இங்கிலாந்திலும் தொடர்மாடி வீடுகளில் வாழ்கின்றனர். அவர்தம் வரவேற்பறைகளிற் பகலில் இருக்கையாகவும் இரவிற் கட்டிலாகவும் விளங்கும் தளபாடம் ஒன்றுண்டு. அதன்மேற் படுப்போர் யார் என்று விசாரித்தால், பல வீடுகளில் அவர் ஊரிலிருந்து சென்ற தாயாகவோ தந்தையாகவோ இருக்கக் காணலாம். ஆகவே இஃது அத்துணைச் சிறிய பொருளன்று.

அதன் பெயர் ஃபூட்டோன். சொல்லும் பொருளும் யப்பானியருக்கு உரியவை. அவர்கள் வீட்டில் இதற்குக் கட்டில் கிடையாது. வைக்கோலை இறுக்கித் திணித்து, மேலே ஒருவகைக் கோரையாற் பின்னிய விரிப்பைத் தைத்த ‘தத்தமி’ என்னும் தடித்த பாய்களே அவர்தம் அறையின் தளம். அத்தளத்தின்மேற் பஞ்சு மெத்தையை இரவில் விரிப்பர். காலையில் மூன்றாக மடித்துச் சுவரறையுள் வைத்துவிடுவர். வெயில் கண்ட நாளில் மாடத்திலே தொங்கவிட்டு உலர்த்துவர். கோரையின் சொரசொரப்பு மெத்தையைப் பிடித்துக்கொள்ளும். பிடி தளர்ந்தாலும் நிலத்திற் கிடக்கும் மெத்தை எங்கே விழப்போகிறது? நம்மூர்ப் பன்பாயிற் படுத்தவர் எவரும் பாய் தம்மைத் தள்ளிவிட்டது என்று முறையிட்டதில்லை.

மேலைநாட்டார் இந்த மெத்தையை எடுத்துச் சென்று, மடித்தால் இருக்கையும் விரித்தாற் கட்டிலும் ஆகும் ஒரு சட்டத்தின்மேல் ஏற்றினர். மெத்தையும் 6 அங்குலம், 8 அங்குலம் எனத் தடித்தது. இருவர் படுக்கும் பொது அளவு 54 அங்குல அகலமும் 75 அங்குல நீளமும் ஆகும். அடியில் இருப்பதோ பாய் அன்று. மெருகிட்ட மரச்சலாகைகள் அல்லது வர்ணம் பூசிய இரும்புக் குழாய்கள். நழுவும் தொல்லை பிறந்தது இங்கேதான்.

நிற்க. சென்ற ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில் ரொறன்ரோ நகரின் ஸ்காபுரோப் பகுதியில் வாழும் என் தம்பி வீட்டிற்குச் சென்றிருந்தேன். அம்மா அங்கே சென்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன, அகவை 76. வீட்டில் இரண்டு படுக்கை அறைகள். ஒன்று தம்பிக்கும் மனைவிக்கும், மற்றது பிள்ளைகளுக்கு. அம்மாவுக்கு வரவேற்பறையில் ஃபூட்டோன் கட்டில். ஆனால் நான் சென்ற முதலிரவே கண்டது வேறு. எல்லோரும் உறங்கச் சென்றபின், அம்மா கட்டிலை விரிக்காமலே விட்டு, ஊரிலிருந்து கொண்டுபோன பன்பாயை நிலத்தில் விரித்துப் படுத்தார். “அம்மாவுக்கு நிலத்திலை படுத்தாத்தான் நித்திரை வரும் அண்ணை, பழகின பழக்கம்” என்றான் தம்பி. அவன் அவ்வாறு நம்பியதில் வியப்பில்லை. அம்மாவே அவனிடம் அவ்வாறுதான் சொல்லியிருந்தார்.

இரவு 2 மணியளவில் அம்மா எழுந்தார். முழங்கால் வாதம் உடையவர் நிலத்திலிருந்து எழுவதென்றால் என்னவென்பதை அறையின் மறுபக்கத்திற் படுத்திருந்த நான் கண்டேன். முதலில் ஒருக்களித்து, பின் நான்கு காலில் நின்று, நாற்காலியின் காலைப் பற்றி, நாற்காலி அசைய அதை விட்டுச் சுவரைப் பற்றி எழுந்து நிற்பதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. பழக்கத்தாற் படுப்பவர் இவ்வாறு எழுவதில்லை. மறுநாள், தம்பியும் மனைவியும் வேலைக்குச் சென்றபின், தேநீர் அருந்திக்கொண்டே கேட்டேன். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டுச் சொன்னார்: “அது இருக்க இருக்கப் போகுது மோனை. ஒருநாள் இருந்த இருப்பிலையே கீழை வந்திட்டன். அவையளுக்குச் சொல்லிப்போடாதை. சொன்னால் தங்கடை அறையைத் தந்திட்டு அவை இஞ்சை வந்து படுப்பினம்.”

முதியோர் இத்தகைய விழுகையை மறைப்பது எங்கும் உள்ளதே. கேட்டாற் பழக்கம் என்பர், புழுக்கம் என்பர். இடுப்பெலும்பு முறிந்த பின்னரே உண்மை வெளிப்படுகிறது. பிள்ளைகளிடம் சொல்லவேண்டாம் என்ற அம்மாவின் வேண்டுகோளை நான் ஏற்கவில்லை. அன்று மாலையே தம்பியிடம் சொன்னேன். அவன் முகம் போன போக்கை இங்கே எழுத வேண்டியதில்லை. ஆனால் அறையை மாற்றும் பேச்சை எடுக்குமுன், மெத்தை ஏன் போகிறது என்று பார்ப்போம் என்றேன்.

தமிழாசிரியனுக்குச் சொல்லிலிருந்து தொடங்குவதே இயல்பு. வழுக்குதல் ஈரத்தில் நிகழ்வது. சறுக்குதல் சரிவில் நிகழ்வது. நழுவுதலோ கண்ணுக்குத் தெரியாமல், கையிலிருந்தும் இடுப்பிலிருந்தும், மெல்ல மெல்ல நிகழ்வது. மெத்தை செய்தது மூன்றாவது. இரவில் அம்மாவோடு அது திடீரெனப் போனதெனினும், அதற்கான பயணத்தை அது பகலெல்லாம் நடத்தியிருந்தது. இருக்கையாக மடித்த நிலையிற் பிள்ளைகள் அதிற் சாய்ந்து கிடந்து தொலைக்காட்சி பார்ப்பர். சாய்ந்திருப்பவரின் முதுகு பின்னே தள்ள, இடுப்பு முன்னே போக முயல்கிறது. இடுப்போடு அதன் கீழுள்ள மெத்தையும் இழுபடுகிறது. போதாததற்கு, முதுகுப் பக்கமாக மடிந்து நிற்கும் மெத்தையின் மறுபாதி தன் கனத்தாற் கீழே அமர்ந்து, இருக்கைப் பாதியை முன்னே உந்துகிறது. மாலைக்குள் மெத்தையின் விளிம்பு சட்டத்திற்கு வெளியே நான்கு விரற்கடை நீண்டிருந்ததை அளந்து கண்டோம். இரவில் அதனை அப்படியே விரித்தால், வெளியே நீண்ட பகுதிக்குக் கீழே தாங்குவது ஒன்றுமில்லை. அம்மா அமர்வது அந்த விளிம்பிலே. விளிம்பு தொய்ந்து சரிவாகிறது. சரிவில் மெத்தை வெளியே ஓடுகிறது. அதன்மேல் இருந்தவரும் கூடவே போகிறார். பிள்ளைகளின் சாய்வுக்கும் பாட்டியின் வீழ்ச்சிக்கும் இடையே உள்ள தொடர்பு இதுவே. இதனை அவ்வீட்டில் ஒருவரும் கருதியதில்லை. பகலில் இருப்போர் வேறு, இரவிற் படுப்போர் வேறு அன்றோ?

இன்னும் கனமான மெத்தை வாங்கினால் அசையாது கிடக்கும் என்பது தம்பியின் எண்ணம். கேட்போர்க்குப் பொருத்தமாகத் தோன்றும் எண்ணம்தான். ஆயினும் இயற்கை அதற்கு இணங்குவதில்லை. உராய்வைப் பற்றிய விதியை 1699 ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின் முன் எடுத்துரைத்தவர் அமொன்தோன் என்பார். அவருக்கு ஏறத்தாழ 200 ஆண்டுகள் முன்னரே இலியனார்டோ டா வின்சி தம் குறிப்பேடுகளில் இதனை எழுதிவைத்திருந்தார். பாரம் கூடினால் உராய்வும் அதே விகிதத்திற் கூடும் என்பது விதி. ஆனால் சரிவிலே பாரம் கூடினால் கீழிழுக்கும் விசையும் அதே விகிதத்திற் கூடிவிடுகிறதே! ஈட்டியதும் இழந்ததும் ஒன்றாகும்.

தம்பியின் மகள் எட்டாம் வகுப்பு மாணவி. “செய்து பார்ப்பமே பெரியப்பா” என்றாள். புத்தக அலுமாரியின் மெருகிட்ட தட்டொன்று, 3 அடி நீளம், கழற்றி எடுக்கப்பட்டது. மெத்தையுறையின் பளபளப்பான துணியில் ஒரு புத்தகத்தைச் சுற்றிப் பலகையின்மேல் வைத்து, ஒரு முனையை மெல்ல உயர்த்தினாள். 10 அங்குலம் உயர்ந்ததும் புத்தகம் ஓடிற்று. புத்தகத்தின்மேல் இன்னொரு புத்தகம் வைத்தாள். அதே 10 அங்குலத்தில் ஓடிற்று. மூன்றாவதையும் வைத்தாள்; அப்போதும் அவ்வாறே. தம்பி கனத்த மெத்தையைப் பற்றிப் பேசுவதை அத்துடன் நிறுத்தினான். பின்னர், கம்பளம் நகராதிருக்க அதன் கீழ் விரிக்கும் இறப்பர் வலையில் ஒரு துண்டை வெட்டிப் பலகைக்கும் துணிக்கும் இடையே வைத்தோம். முனை 24 அங்குலம் உயர்ந்தும் புத்தகம் அசையவில்லை. ஏறிய உயரத்தைக் கிடைத்தூரத்தால் வகுத்தால் வருவது உராய்வுக் குணகம் என்பதை மாணவர் அறிவர். வலையின்றி அது 0.29, வலையோடு 0.89 இற்குக் குறையாது. மென்மையான இறப்பர் போன்ற பொருள்கள் அமொன்தோன் விதிக்கு முற்றாக அடங்குவன அல்ல என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். ஆயினும் எங்கள் தேவைக்கு அந்தக் கணக்குப் போதுமானதாயிற்று.

ஒட்டுநாடா நல்லது என்று அண்டை வீட்டார் கூறினர். கொக்கிப் பட்டியும் கண்ணிப் பட்டியுமாக இரண்டு நாடாக்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் வெல்குரோ என்பதே அது. சுவிற்சர்லாந்து நாட்டுப் பொறியியலாளர் ஜோர்ஜ் டி மெஸ்திரால், 1941 ஆம் ஆண்டில் வேட்டைக்குச் சென்று மீண்டபோது தம் நாயின் மயிரிலும் தம் உடையிலும் ஒட்டிய முட்காய்களை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்ததிலிருந்து பிறந்தது அந்த நாடா. நாயுருவி ஒட்டிய வேட்டியோடு பள்ளிக்கூடம் வந்த நாம் அதைப் பிடுங்கி எறிந்ததோடு நின்றுவிட்டோம். அது கிடக்க. நாடா நன்றாகப் பிடிக்குமாயினும், சலாகையோடு அதை ஒட்டும் பசை நாளடைவில் விடுகிறது. கொக்கிகளிற் பஞ்சுநூல் அடைந்து பிடியும் தளர்கிறது. உறையின் நான்கு மூலையிலும் துணிப்பட்டி தைத்துச் சலாகையோடு முடிந்துவிடுவது அதனினும் உறுதியான வழி. ஆனால் உறையைத் தோய்க்கும்தோறும் முடிச்சை அவிழ்த்துக் கட்டும் பொறுமை வேண்டும். இரண்டு வேலைக்குப் போகும் என் தம்பியிடம் அதை எதிர்பார்த்தல் தகாது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நம் கல்லூரியிற் கணிதப் பிரிவிற் கற்று, இப்போது அந்நகரில் வீடு திருத்தும் தொழில் செய்யும் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்தார். நலம் விசாரித்து முடியுமுன் கட்டிலின் கீழே குனிந்துவிட்டார். “வலை பிடிக்கும் சேர். ஆனால் வலை பழசாகும், மடங்கும். தடை ஒண்டும் வேணும்” என்றார். வாகனத்திலிருந்து கருவிகளையும் ஒரு சலாகையையும் கொண்டுவந்து, சட்டத்தின் முன்விளிம்பு நெடுகிலும், சலாகைத் தளத்திலிருந்து ஒன்றரை அங்குலம் உயர்ந்து நிற்குமாறு அதனைத் திருகாணியிட்டுப் பொருத்தினார். மேல்விளிம்பை உருட்டித் தேய்த்தார். மெத்தை 6 அங்குலம். ஒருவர் அமர்ந்து அது அமிழ்ந்தாலும் சலாகை தொடையில் இடிக்காது. இருக்கையாக மடிப்பதற்கும் அது தடையாக இல்லை. அவர் செய்தவற்றுள் நான் முற்றும் எண்ணிப்பாராத ஒன்று, கட்டிலின் கால்களின் கீழ் அகன்ற குழிக்கட்டைகளை வைத்து உயர்த்தியது. அமர்ந்தவரின் பாதங்கள் நிலத்தில் நன்கு பதியவும் வேண்டும். முழங்கால் இடுப்பினும் உயர்ந்து நிற்கவும் கூடாது. மிகத் தாழ்ந்த கட்டிலிலிருந்து எழும் முதியவர் மெத்தையை இழுத்துத் தள்ளித்தான் எழவேண்டியிருக்கிறது. நான் வகுப்பில் ஒருகால் இலக்கணப் பிழைக்காக அதட்டிய பிள்ளை அவர். அன்று அவர் சொல்ல நான் திருகாணிகளை எடுத்துக் கொடுத்தேன்.

பளபளத்த உறை நீக்கப்பட்டு முரட்டுப் பருத்தித் துணியில் உறை தைக்கப்பட்டது. இவ்வாறு செய்ய நினைப்போர்க்கு இரண்டு செய்திகள். சில வலைகள் செயற்கைப் பொருளாலானவை. அவை மெருகோடு ஒட்டிக் கறை படுத்தும். ஆதலின் ஒரு சிறு துண்டைச் சில கிழமைகள் மறைவிடத்தில் வைத்துப் பார்த்தல் நன்று. மற்றது, துளையில்லாத இறப்பர் விரிப்பை இடவே கூடாது. உறங்குவோரின் உடலீரம் கீழே இறங்கி, வெளியேற வழியின்றித் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். யப்பானியர் மெத்தையை நாள்தோறும் எடுத்து மடிப்பது அறையில் இடம் காண்பதற்காக மட்டுமன்று. கிழமைக்கு ஒருமுறையேனும் மெத்தையைத் தூக்கிக் காற்றாட விடுதலும், பஞ்சு ஒருபக்கம் அமர்ந்து போகாமல் மாதம் ஒருமுறை புரட்டிப் போடுதலும் வேண்டும்.

நெடுநல்வாடையில் அரசியின் கட்டிலை நக்கீரர் வருணிக்கிறார். யானைக் கொம்பிற் கடைந்தது. அன்னத்தின் தூவி இட்டது. வேலைப்பாடு ஒவ்வொன்றையும் விடாது சொன்ன புலவர், அணை நழுவாதிருக்கத் தச்சன் என்ன செய்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை. முரசுகட்டிலில் ஏறித் துயின்ற மோசிகீரனாருக்குச் சேரன் கவரி வீசினானே, அந்தப் பூஞ்சேக்கையாவது இட்ட இடத்தில் இருந்திருக்கும் என்று எண்ணுகிறேன். புலவர் நடுவில் விழித்ததாகச் செய்தி இல்லை.

அம்மா முதல் இரண்டு இரவும் கட்டிலில் அமருமுன் விளிம்பை இரு கைகளாலும் அழுத்திப் பார்த்தார். பேத்தி அருகில் நின்று, “போகாது அப்பம்மா, இருங்கோ” என்றாள். மூன்றாம் இரவு அழுத்திப் பார்த்தது ஒரு கையால். நான் ஊருக்குப் புறப்பட்ட அன்று பன்பாயைச் சுருட்டி அலுமாரிக்குப் பின்னே சாத்தியிருந்தார். தம்பி மனைவி அதை மாடத்திற்கு எடுத்துச் செல்லப்போனபோது, “அது அங்கை கிடக்கட்டும்” என்றார்.