வாய்வு எண்டு நினைச்ச இரவு

முதலில நாங்கள் அதை வாய்வுக்குத்து எண்டுதான் நினைச்சம்.

திருநெல்வேலியில ஒரு வீட்டின்ர பின்பக்க அறையில நாலு பேர் வாடகைக்கு இருக்கிறம். எல்லாரும் கலைப்பீடம். எங்களில ஆக உயரமும் ஆக மெலிவும் நெடுவல். இதை எழுதச் சொன்னதே அவன்தான், பெயரை மட்டும் போடாதேங்கோ எண்டவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கதிரையில இருந்து நோட்ஸ் எழுதிக்கொண்டிருந்தான். ஓடவுமில்லை, பாரம் தூக்கவுமில்லை. திடீரெண்டு வலப்பக்க நெஞ்சைப் பொத்தினான். "குத்துதடா. மூச்சை உள்ளுக்கு எடுக்கேக்கதான் குத்துது."

ஓமத்தண்ணி குடுத்தம். முதுகில சித்தாலேப பூசினம். இரவு முழுக்கச் சுவரில சாய்ஞ்சபடியே இருந்தான், படுக்க ஏலாதெண்டான். அப்பவும் எங்களுக்கு விளங்கேல்ல. விடியக் கிணத்தடிக்குப் போய்வரவே அவனுக்கு இளைச்சதைக் கண்டபிறகுதான் ஓட்டோ பிடிச்சுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனம்.

எக்ஸ்ரேயில இடப்பக்கம் வழமைபோல இருந்தது. வலப்பக்கம் வெறுங்கறுப்பு. நுரையீரல் நடுவில ஒரு கைப்பிடி அளவில சுருண்டு கிடந்தது. "நியூமோதொராக்ஸ்" எண்டார் டொக்டர்.

அவர் விளங்கப்படுத்தினதை எங்கட பாஷையில சொல்லுறம். நுரையீரலைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு. நெஞ்சுச் சுவரின் உட்பக்கம் இன்னொரு சவ்வு. இரண்டுக்கும் இடையில கொஞ்சம் திரவம் மட்டும்தான். ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒட்டிவைச்சா வழுக்கும், ஆனா லேசில பிரியாது. அந்த ஒட்டுதலாலதான் நெஞ்சு விரியேக்க நுரையீரலும் கூட விரியுது. நுரையீரலின் மேல்நுனியில இருக்கிற சின்னக் கொப்புளம் ஒண்டு வெடிச்சா காத்து அந்த இடைவெளிக்குள்ள போயிடும். ஒட்டுதல் விட்டுப்போகும். நுரையீரல் தன்ர பாட்டில சுருங்கிவிடும். வேற வருத்தம் ஒண்டும் இல்லாத, உயரமான, மெலிஞ்ச இளம் ஆம்பிளையளுக்குத்தான் இது கூட வருமாம். சும்மா இருக்கேக்கயே வருமாம். புகைச்சா ஆபத்துப் பல மடங்கு கூடும்.

கொஞ்சக் காத்தெண்டா உடம்பே அதை உறிஞ்சிவிடும், பார்த்துக்கொண்டிருந்தாக் காணும். இன்னும் சிலருக்கு ஊசியால இழுத்தெடுப்பினம். நெடுவலுக்குக் கமக்கட்டுக்குக் கீழ, விலா எலும்புகளுக்கு இடையால ரியூப் போட்டினம். அதின்ர மற்ற நுனி தண்ணிப் போத்தலுக்குள்ள. வெளியில வாற காத்து குமிழியாப் போகும், தண்ணி தடுக்கிறதால திரும்பி உள்ளுக்கு வர ஏலாது. அவ்வளவுதான் சூத்திரம். போத்தல் எப்பவும் நெஞ்சுக்குக் கீழதான் இருக்கவேணும், சரியக்கூடாது. நாங்கள் மாறிமாறி அந்தப் போத்தலுக்குக் காவல் இருந்தம். அவன் இருமினா குமிழி வரும். மூச்சோட தண்ணி ஏறி இறங்கும்.

பக்கத்துக் கட்டில் ஐயா போத்தலைப் பார்த்துச் சிரிச்சார். சேட்டைத் தூக்கித் தன்ர விலாவில இருந்த தழும்பைக் காட்டினார். "தொண்ணூறில ஷெல் துண்டு. எனக்கும் உந்தப் போத்தல்தான், தம்பி."

பின்னேரம் குருநகரில இருந்து அம்மா வந்தா. "தம்பியவை, என்ர பிள்ளைக்கு என்ன வருத்தம்?" எண்டு கேட்டா. மூண்டு வருசமாத் தமிழில படிக்கிற எங்களிட்ட ஒரு சொல் இல்லை. பள்ளிக்கூடப் புத்தகத்தில 'சுவாசப்பை', சனத்தின்ர வாயில 'நுரையீரல்', வாட்டில 'நியூமோதொராக்ஸ்'. கடைசியா ஒருத்தன் "நெஞ்சுக்குள்ள காத்துப் பூந்திட்டுது அம்மா, இப்ப வெளியில எடுக்கினம்" எண்டான். அவவுக்கு விளங்கினது. மானிப்பாயில கிறீன் வைத்தியர் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் படிப்பிச்சவர். 1867 இல 'இரண வைத்தியம்', 1872 இல 'மனுஷ அங்காதிபாதம்' எண்டு புத்தகங்களும் வந்தது. நாங்கள் அதை மொழிபெயர்ப்புப் பாடத்தில சோதினைக்குப் பாடமாக்கி எழுதினனாங்கள். ஒரு தாய்க்கு மகன்ர வருத்தத்தைச் சொல்லவேண்டி வந்த அண்டைக்குத்தான் அந்த ஆள் எதுக்கு உவ்வளவு மினைக்கெட்டவர் எண்டு விளங்கினது.

ஆனா சொல் இருந்தும் நாங்கள் சொல்லாத ஒண்டும் இருந்தது. முதல்நாள் டொக்டர் "சிகரெட் பத்துறனீங்களோ?" எண்டு கேட்டவர். நெடுவல் "இல்லை" எண்டான். நாங்கள் நிலத்தைப் பார்த்தம். அறையில பத்துறது அவன் மட்டுமில்லை. பெட்டி வாங்கக் காசு சேர்க்கிறதும் நாங்கள்தான். அம்மா கேட்டபோதும் அதே "இல்லை", நாங்கள் அதே நிலம். இரவு எங்களில ஒருத்தன் விறாந்தையில டொக்டரைக் கண்டு உண்மையைச் சொன்னான். இரண்டு நாள் நெடுவல் எங்களோட கதைக்கேல்ல. மூண்டாம் நாள் அம்மாவுக்குத் தானே சொன்னான். அவ பேசேல்ல. போத்தலைப் பார்த்துக்கொண்டே இருந்தா. பேசியிருந்தா எங்களுக்கு லேசா இருந்திருக்கும்.

ஐஞ்சாம் நாள் குமிழி நிண்டது. எக்ஸ்ரேயில நுரையீரல் விரிஞ்சிருந்தது. ரியூப்பைக் கழட்டினம் எண்டு டொக்டர் சொல்லேக்க கூடவே இன்னொண்டும் சொன்னார். ஒருக்கா வந்தவையில ஏறக்குறைய மூண்டில ஒராளுக்குத் திரும்ப வரும். முழுசாச் சுகமாகும்வரை விமானம் ஏறக்கூடாது. அது எங்களுக்குப் பிரச்சினையில்லை, ஆரிட்டக் காசு? ஆனா சுழியோடவே கூடாது, சத்திரசிகிச்சை செய்து டொக்டர்மார் சரியெண்டு சொன்னாலொழிய.

அதுதான் அவனை விழுத்தினது. அவன்ர தமையன் சிலிண்டர் போட்டுக் கடலட்டை பிடிக்கிறவர். லீவுக்கு நெடுவலும் கூடப் போறவன். அறை வாடகையில அவன்ர பங்கு அந்தக் காசுதான். "நான் நல்லா மூச்சுப் பிடிப்பன்" எண்டு டொக்டரிட்ட வாதாடிப் பார்த்தான். 10 மீற்றர் ஆழத்தில நெஞ்சுக்க சிக்கின காத்து, மேல வரேக்க இரண்டு மடங்காகும் எண்டார் அவர். அந்த விரிவு இதயத்தையே ஒருபக்கம் தள்ளி ஆளை முடிச்சிடும். நெடுவல் பேந்து கேக்கேல்ல.

இப்ப அவன் பின்னேரங்களில ஒரு கடையில கணக்கு எழுதுறான். வாடகையில அவன்ர பங்கைக் குறைச்சு மிச்சத்தை நாங்கள் மூண்டு பேரும் பிரிச்சிருக்கிறம். அது சிகரெட் பெட்டிக்குச் சேர்த்த காசுதான். எங்களில ஒருத்தன் இன்னும் முழுசா விடேல்ல. ஆனா அறைக்குள்ள பத்துறதில்லை, ஒழுங்கைக்குப் போறான்.

இதை வாசிக்கிற உங்களிட்ட ஒண்டு கேக்கிறம். கூட இருக்கிறவன் மூச்செடுக்கேக்க நெஞ்சு குத்துதெண்டா, இளைக்குதெண்டா, ஓமத்தண்ணி தேடாதேங்கோ. உதடு நீலமானா, மூச்சு முட்டிச் சரிஞ்சு விழுந்தா ஒரு நிமிசமும் மினைக்கெடாதேங்கோ, 1990 க்கு அடியுங்கோ. பேந்து டொக்டர் என்ன கேட்டாலும் நிலத்தைப் பார்க்காதேங்கோ.