தேயும் குரலும் முன்பெருக்கியும்

மயிலையில் வசிக்கும் அம்மையார் ஒருவருக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. ஓதுவாராயிருந்த தந்தையாரிடம் பண்முறை வழுவாமல் தேவாரம் கற்றவர். குரல் மெலிந்து வருவதைக் கண்ட மகன், அதனை வீட்டிலேயே பதிவு செய்ய முற்பட்டார்.

முதலில் வாங்கிய மலிவான பெட்டி ஏமாற்றியது. ஒலிவாங்கி தரும் மின்னலை மிக நுண்ணியது. மில்லிவோல்ட் கணக்கில் அடங்குவது. அதனைப் பயனுள்ள அளவுக்கு உயர்த்துவதே ‘ப்ரீஆம்ப்’ எனப்படும் முன்பெருக்கியின் பணி. மெல்லிய குரலுக்காகத் திருகை முழுவதும் திருப்பியபோது, மழை இரைவதுபோல் ஓர் இரைச்சல் எழுந்தது. அடிதோறும் குரல் தேய்ந்து அடங்கும் இடத்தில்தான் பண்ணின் குழைவு முழுவதும் இருக்கிறது. இரைச்சல் விழுங்கியதும் அவ்விடத்தையே.

கடைக்காரர் வால்வு பொருத்திய கருவி ஒன்றைக் காட்டி, அது குரலுக்குக் கனிவு சேர்க்கும் என்றார். மகன் அதை வந்து சொன்னதும், “நான் பாடாததை அது பாடுமோ?” என்று கேட்டார் அம்மையார். நியாயமான கேள்வி! சில பாடகருக்கு அக்கனிவு அழகுதான். இங்கே வேண்டியிருந்தது தூய்மை. 60 டெசிபல், அதாவது ஆயிரம் மடங்கு உயர்த்தியும் இரையாத எளிய கருவியையே மகன் வாங்கினார்.

மின்விசிறியை நிறுத்தி, தெருவில் காய்கறி வண்டி கடந்து போகும்வரை காத்திருந்து, காந்தாரப் பண்ணில் ஒரு பதிகம் பாடினார். பதிவைக் கேட்டவர், “ஐந்தாம் பாட்டில் மூச்சு வாங்கிய இடம் தவறப்பா” என்று சொல்லி மீண்டும் ஒலிவாங்கியின் முன் அமர்ந்தார்.