கப்பலில் சோறு பொங்குவது யார்?

திருப்பரங்குன்றத்தில் மலை இருக்கிறது; முருகன் இருக்கிறான்; தென்கால் கண்மாய் இருக்கிறது. கடல் மட்டும் இல்லை. நீரில் மிதக்கும் வாகனம் என்று நான் சிறு வயது முதல் கண்டது தை மாதத் தெப்பம் ஒன்றுதான். அதையும் கரையில் நின்று வடம் பிடித்து இழுக்க வேண்டும். இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் ஒரு கடற்கதை எழுதினேன் என்றால் என் துணிச்சலை என்னவென்று சொல்வது!

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. பாய்மரக் கப்பல் ஒன்று பதினெட்டு நாள் கடலில் அலைந்து கரை சேருகிற கதை. கதாநாயகன் மரத்தைக் கட்டிக்கொண்டு நட்சத்திரங்களோடு பேசுவான். வாரப் பத்திரிகை ஒன்று அதைப் படத்தோடு போட்டது. பத்து நாள் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பதினோராம் நாள் தூத்துக்குடியிலிருந்து ஒரு கார்டு வந்தது.

"தங்கள் கதையில் கப்பல் பதினெட்டு நாள் ஓடுகிறது. பதினெட்டு நாளும் ஒருவரும் சோறு பொங்கவில்லை. யாரும் துணி துவைக்கவில்லை. இப்படிப்பட்ட கப்பலில் நான் வேலை பார்த்ததில்லை."

முதலில் கோபம் வந்தது. இரவு படுத்த பிறகு வெட்கம் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிவிட்டேன்.

கார்டு எழுதியவருக்கு எழுபது வயதுக்கு மேலிருக்கும். எஞ்சின் வைக்காத காலத்துத் தோணிகளில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய் வந்தவர். பதினாலு வயதில் பண்டாரிக்குக் கையாளாகச் சேர்ந்தாராம். பண்டாரி என்றால் கப்பலில் சமையற்காரர். திண்ணையில் என்னை உட்கார வைத்துக்கொண்டு, புயலைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், இரண்டு மணி நேரம் அடுப்பைப் பற்றிப் பேசினார்.

மண் பரப்பிய பெட்டியில் விறகடுப்பு. தோணி எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப் பக்கம் பானையைப் பிடித்துக்கொள்ள ஒரு பையன் வேண்டும். அந்தப் பையன்தான் இவர். பீப்பாயில் இருக்கிற நல்ல தண்ணீர் குடிக்க மட்டும்; உலையில் கொஞ்சம் கடல் தண்ணீரைக் கலந்துவிட்டால் உப்புப் போடுகிற வேலை மிச்சம். குளிப்பதும் துவைப்பதும் கடல் தண்ணீரில். உப்பு ஏறிய துணி எத்தனை வெயிலில் போட்டாலும் முழுக்கக் காயாது; ராத்திரிக் காற்றில் மறுபடி நசநசத்துப் போகும். படுக்கை, ஏற்றிய சரக்கின் மேலே. வெங்காய மூட்டை என்றால் தேவலை. வற்றல் மிளகாய் என்றால் விடிய விடியத் தும்மல்.

"காத்து நல்லா இருந்தா கொழும்பு ரெண்டு நாள், தம்பி. அங்கே போய்ச் சரக்கு இறக்கத்தான் காத்துக் கிடக்கணும். பாய் தைக்கிறது, கயிறு முறுக்குறது, ஓட்டை அடைக்கிறது. கரையில இருக்கிறப்பதான் வேலை ஜாஸ்தி."

"கரையில் இறங்கினதும் முதலில் என்ன செய்வீர்கள், அண்ணாச்சி?" என்று கேட்டேன். கோயில் என்பார், கள்ளுக்கடை என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"ஒரு வாளி நல்ல தண்ணி. தலையோட ஊத்திக்குவேன்."

காப்பி கொண்டுவந்த அவர் மனைவி நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். "அத்தனை பேருக்குப் பொங்கிப் போட்ட மனுசன், தம்பி. வீட்டுக்கு வந்தா ஒரு செம்புத் தண்ணி தானா மோந்து குடிச்சது கிடையாது" என்றார். பெரியவர் கடல் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டார்.

இதெல்லாம் இப்போது நினைவுக்கு வரக் காரணம் என் மகள். வயது பதினேழு. அவள் மேஜைக்கு எதிரே சுவரில் ஒரு படம். 'தாரிணி' என்ற பாய்மரப் படகு. நீளம் 56 அடி. நம் கடற்படை அதிகாரிகள் இருவர், புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டின் தில்னாவும், 2024 அக்டோபர் 2-ஆம் தேதி அதில் கோவாவிலிருந்து புறப்பட்டார்கள். காற்றையே நம்பி உலகைச் சுற்றி, 2025 மே 29-ஆம் தேதி திரும்பி வந்தார்கள். ஆஸ்திரேலியா, நியூஜிலாந்து, பால்க்லாந்துத் தீவு, கேப்டவுன் ஆகிய நான்கு இடங்களில் மட்டும் கரை. அங்கே இறங்கியும் வேலைதான்: பழுது பார்ப்பதும், சாமான் நிரப்புவதும். தூத்துக்குடிப் பெரியவர் கேட்டிருந்தால் தலையசைத்திருப்பார்.

பசிபிக்கில் நீமோ முனை என்று ஓர் இடம். எந்தக் கரையிலிருந்தும் அதைவிடத் தொலைவான இடம் கடலில் இல்லை. அங்கே இருப்பவருக்கு மிக அருகிலுள்ள மனிதர்கள் பல சமயம் தலைக்கு மேலே விண்வெளி நிலையத்தில்தான் இருப்பார்கள். அங்கே போய் இந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? ஆராய்ச்சிக்காகக் கடல் தண்ணீரை மொண்டு எடுத்துக்கொண்டார்கள். என் கதாநாயகனாக இருந்தால் நட்சத்திரத்தோடு பேசியிருப்பான்.

என் மனைவிக்கு நீமோ முனை முக்கியமாகப் படவில்லை. "ரெண்டு பேரில் யார் சமைக்கிறது?" என்றாள்.

"ரெண்டு பேரும்தாம்மா. ஒருத்தர் தூங்கினா ஒருத்தர் முழிச்சிருக்கணும். யார் முறையோ அவங்க பார்த்துக்குவாங்க. படகு சாய்ஞ்சாலும் சாயாத அடுப்பெல்லாம் இப்ப இருக்கு."

"சாயாத அடுப்பு கிடக்கட்டும். முறை வச்சுக்கிறாங்களே, அதைச் சொல்லு" என்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

படத்தோடு விட்டிருந்தால் சரி. கல்லூரியில் தேசிய மாணவர் படையின் கடற்படைப் பிரிவில் சேர ஒரு படிவம் கொண்டுவந்து வைத்தாள். சேர்ந்தால் பாய்மரப் படகுப் பயிற்சி உண்டு. பெற்றோர் சம்மதம் என்ற இடம் காலி. மூன்று நாள் அதன்மேல் கண்ணாடிக் கூட்டை வைத்து மறைத்துக்கொண்டேன். ஊரார் பிள்ளையைப் பதினெட்டு நாள் புயலில் விட்ட கைதான் இது. சொந்தப் பெண் என்றதும் பேனா திறக்கவில்லை.

நாலாம் நாள் அவளே வந்து கூட்டை நகர்த்தினாள்.

"படகில் துணியை எங்கே காயப்போடுவீர்கள்?" என்றேன். வேறு கேள்வி தோன்றவில்லை.

"தெரியாதுப்பா. பார்த்துட்டு வந்து சொல்றேன். கதையில எழுதிக்கோங்க."

பேனாவைக் கேட்டேன். மூடியைக் கழற்றியே வைத்திருந்தாள்.